மெதுவாகப் போவதற்கு ஒரு வண்டி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பாறை ஏறும் வண்டியாக மாற்றுவதற்கென்று வாங்கிய பழைய மாருதி ஜிப்ஸி ஒருவழியாக வீட்டு ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தது. பாடி முழுக்கத் துரு, சேஸ் (அடிச்சட்டம்) மட்டும் கெட்டி. எனக்கு வேண்டியதும் சேஸ்தான். 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ கிங் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள மாடல்) என்பதால் கொஞ்சம் கூடுதல் விலை. பாறையில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைப் பார்க்கும் மிதவை ஏமாற்றிவிடும், இன்ஜின் மூச்சடைத்து நின்றுபோகும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் காத்திருந்து வாங்கினேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்ஜின் மாத்தறீங்களா?" இல்லை. 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன், ஒரு டன் எடையுள்ள வண்டி. பாறை ஏற இது தாராளம்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

லேத்துப் பட்டறை எல்லாம் லீவு. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஜிப்ஸியின் உடன்பிறப்பு சுசுகி சாமுராய். கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையில் 1953-லிருந்து ஜீப்காரர்கள் ஆண்டுதோறும் கூடிப் போகிறார்கள். அங்கே பின்னாளில் ஜீப்புக்கு ஈடாகப் பெயர் எடுத்த சின்ன வண்டி இது. அதன் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் இரண்டாவது கியர் பெட்டி) லோ 2.268, ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பினியன் 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 31. அதாவது இன்ஜின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத 800 ஆர்பிஎம் ஐடிலில் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நகரும். தார் ரோட்டில் இது நத்தை வேகம். முழங்கால் உயரப் பாறையில் இதுவே பாய்ச்சல். கிளட்சை மிதித்து மிதித்துத்தான் சமாளிக்க வேண்டும், அப்புறம் கிளட்ச் பிளேட் புகையும்.

இதில் டயரைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். நான் போடப்போவது 31 அங்குலம். அதே ஐடிலில் வேகம் கிட்டத்தட்ட 4-ஐத் தொட்டுவிடும். அதனால் பணம் போக வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குவது பெரிய வசதி. சாமுராய்க்கென்று வரும், லோவை 2.268-லிருந்து 4.16 ஆக்கும் பல்சக்கர செட் போட்டால் பெருக்கல் தொகை 56-ஐத் தாண்டும், பெரிய டயரோடும் ஐடில் வேகம் 2 கிலோமீட்டர்தான். 6.5 செட்டும் உண்டு. ஆசை இருக்கிறது, பர்ஸ் இல்லை.

அம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மெதுவாப் போறதுக்கா இத்தனை காசு?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

பிப்ரவரி 2, ஞாயிறு

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சுற்று. உபரியாக இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட், ஒரு பின் ஹவுசிங் (ஆக்ஸில் கூடு). பேரம் பேசியதில் தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இந்த வேலையின் முக்கால் பங்கு இன்று நடந்தது. கம்பெனியிலிருந்து வரும்போது கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே ஏற்றி வைத்தால் ஹவுசிங் பைப்பின் தடிமனும் பட்டைக்கட்டின் தடிமனும் சேர்ந்து சேஸ் ஐந்து அங்குலம்வரை உயரும். புதுப் பட்டை வாங்க வேண்டியதில்லை, பட்டை உட்காரும் பேடுகளை மேல்பக்கம் வெல்டு செய்தால் போதும்.

பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். இப்படித் தூக்கினால் உயர்வது சேஸ் மட்டும்தான். நடுவில் குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும், பாறையில் முதலில் மோதுவதும் அதுதான். அதை உயர்த்தச் சுலபமான வழி பெரிய டயர்தான். பட்டையை மேலே ஏற்றுவதே பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கத்தான்.

வெல்டிங்கில் அவசரப்படவில்லை. ஒரே பக்கம் நீளமாகச் சூடு கொடுத்தால் பைப் அந்தப் பக்கம் வளைந்துவிடும், அப்புறம் ஷாஃப்ட் நேராக ஓடாது, ஆயில் சீல் நிற்காது. ஷாஃப்ட், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் ஹவுசிங்கில்தான் ராடு வைத்தேன். 7018 வெல்டிங் ராடு, ஈரம் போகச் சூடாக்கி வைத்தது. ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம், ஆறவிட்டு மறுபடியும். லேத்துக்கார அண்ணன் ஹவுசிங்கின் இரண்டு முனைக்கும் பொருந்தும் புஷ் கடைந்து கொடுத்திருந்தார். அவற்றினூடே நேரான கம்பியை நுழைத்துச் சுழற்றிப் பார்த்தால் வளைவு உடனே தெரிந்துவிடும். கம்பி தடையில்லாமல் சுற்றியது. வோல்டேஜ் இறங்கி இறங்கி ஏறியதில் வீட்டில் டிவி பார்க்க முடியவில்லை என்று மட்டும் புகார்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டை மேலே வந்ததும் ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் அதில் இடிக்கிறது. எதிர்பார்த்ததுதான். இப்போதைக்கு வளைந்த லிங்க் ஒன்று. ஆனால் பட்டை ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானே இழுக்கும். முழுத் தீர்வு, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளுக்கு மேலேயே லிங்க்கை மாட்டும் ஆர்ம்தான்.

பின் டிஃபரன்ஷியலில் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் பல்சக்கரங்களை வெல்டு செய்து பூட்டியாயிற்று. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும், தரையிலிருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். ஏர் லாக்கர் என்றால் பட்டனைத் தட்டிப் பூட்டலாம், திறக்கலாம், விலை என் கைக்கு எட்டாது. வெல்டு செய்த டிஃபரன்ஷியல் ரோட்டில் திரும்பும்போது டயரைத் தேய்க்கும், ஷாஃப்ட்டையும் முறிக்கும். இந்த வண்டி ரோட்டைப் பார்க்கப்போவதே இல்லை.

பார்க்கவும் கூடாது. தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதிவை ரத்து செய்யக் கொடுத்துவிட்டேன். இனி லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும், ஓட்டுவதும் சொந்த நிலத்தில் மட்டும்தான். காட்டுக்குள் ஓட்டி வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மார்ச் 23, ஞாயிறு

ரோல் கேஜ். 3 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் பைப். ஜி.ஐ. பைப் மலிவு என்று ஒருவர் யோசனை சொன்னார். துத்தநாகப் பூச்சை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க வேண்டிய பைப்பில் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூட்டுகளை மீன்வாய் வடிவத்தில் வெட்ட, பேப்பரைச் சுற்றி அச்சு எடுத்து கிரைண்டரில் தீட்டினேன். கேஜின் கால்கள் தரைத் தகட்டில் நிற்கவில்லை, சேஸில் நிற்கின்றன.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிணத்துக்கடவுப் பக்கம் மாமாவின் தோட்டம். வரப்புக்கு அந்தப் பக்கம் யானை முதுகு மாதிரி ஒரு பாறை. டயரில் காற்றை 12 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இல்லாததால் அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

லோ, முதல் கியர், கால் பெடலில் இல்லை. புதுப் பல்சக்கரத்தின் ஊளைச் சத்தத்தோடு வண்டி தானாக ஊர்ந்து ஏறியது. டயர் பாறையின் விளிம்பை மென்று பிடிப்பதை ஸ்டியரிங்கிலேயே உணர முடிந்தது. இறங்கும்போதும் பிரேக்கைத் தொடவில்லை, இன்ஜினே பிடித்துக்கொண்டது.

மாமா பக்கத்திலேயே நடந்து வந்தவர், பாறை உச்சியில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "ஏனப்பா மாப்ளே, இதுக்கு நடந்தே வந்திருக்கலாமல்ல?" என்றார்.

செங்குத்தான படியில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் பின்பக்கம் குதித்தது. பட்டை மேலே இருப்பதால் முறுக்குவிசை முழுவதும் அதை எஸ் வடிவத்தில் வளைக்கிறது, பட்டை திமிறி நேராகும்போது டயர் துள்ளுகிறது. இதற்கு, ஹவுசிங் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்க, அதிலிருந்து சேஸுக்கு ஒரு டிராக்‌ஷன் பார் வேண்டும். அந்தப் பாரின் முன்முனையை ஷேக்கிளில் (ஆடும் இணைப்பில்) தொங்கவிடாமல் இறுக்கிவிட்டால் பட்டையின் அசைவே போய்விடும் என்கிறார் லேத்துக்கார அண்ணன். சரிதான். மீதமுள்ள சீம்லெஸ் பைப் அதற்குப் போதும். புஷ் அளவு மட்டும் நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.