நம்பர் பிளேட்டை இடம் மாற்றியபோது

என் யமஹா எம்டி-15 வண்டியின் பின்புறத்தில் எனக்கு உறுத்தலாக இருந்தது, சீட்டுக்கு அடியிலிருந்து நீண்டு இறங்கும் கறுப்பு பிளாஸ்டிக் மட்கார்டும் அதன் நுனியில் தொங்கிய நம்பர் பிளேட்டும்தான். டெயில் லைட்டுக்குச் சற்றுக் கீழே பிளேட்டை ஏற்றிவிட்டால் வண்டி கச்சிதமாக இருக்கும் என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்து, சென்ற ஆவணியில் அந்த வேலையில் இறங்கினேன்.

முதல் சிக்கல் பிளேட்டைக் கழற்றுவதிலேயே வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்றினால் உடைந்துபோகும் ஸ்னாப் லாக்கால் பொருத்தப்படுகிறது. அந்தப் பூட்டை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே, பிளேட் ஒட்டியிருந்த மட்கார்டின் நுனிப் பகுதியை மட்டும் ஆக்ஸா பிளேடால் சதுரமாக அறுத்தெடுத்து, அந்தத் துண்டையே கடையில் வாங்கிய பிராக்கெட்டில் பின்புறமாக போல்ட் போட்டு இறுக்கினேன். பிளேட்டும் பூட்டும் அப்படியே இருந்தன.

பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் மனைவியை ஏற்றிக்கொண்டு திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில், ஒரு வேகத்தடையில் இறங்கியபோது பின்னால் 'சர்ர்' என்று சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தால், பிளேட்டின் கீழ் விளிம்பில் விரல் அகலத்துக்கு டயர் கறுப்பு ஒட்டியிருந்தது. டயருக்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, யாரும் உட்காராத நிலையில்தான் நான் அளந்திருந்தேன். இரண்டு பேர் எடையில் ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது டயர் எவ்வளவு மேலே வரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பிளேட்டு வானத்தப் பாத்துட்டு இருக்குதுங்க, பின்னால வர்றவங்களுக்கு நம்பர் எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். அவர் அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்து 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வளைத்து, பிளேட் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்படி புதிய பிராக்கெட் செய்தார். இடைவெளியை அளக்க அவர் செய்த வேலையை நான் அதற்கு முன் கண்டதில்லை: பிசைந்த கோதுமை மாவை உருண்டையாக பிராக்கெட்டின் அடியில் அப்பி, பையனைப் பின்னால் உட்கார வைத்து வேகத்தடையில் இரண்டு முறை ஏற்றி இறக்கச் சொன்னார். டயர் வழித்தது போக மிஞ்சிய மாவின் கனம்தான் உண்மையான இடைவெளி. முதல் தடவை 12 மில்லிமீட்டர்தான் இருந்தது. பிராக்கெட்டை மறுபடி வளைத்து 25க்குக் கொண்டுவந்த பிறகே அதிர்வில் கழலாத நைலாக் நட்டுப் போட்டு முறுக்கினார்.

இண்டிகேட்டரைச் சிறிய எல்இடியாக மாற்றும் ஆசையைக் கைவிட்டேன். எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், பல்பு ஃபியூஸ் போனதாக எடுத்துக்கொண்டு இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அதையும் மாற்ற வேண்டும். பழைய இண்டிகேட்டர்களையே வைத்துக்கொண்டு வயரை மட்டும் நீட்டினோம். இணைப்புகளைச் சால்டர் வைத்து சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

நம்பர் பிளேட் விளக்கைப் பலர் இந்த வேலையில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது பெரும் தவறு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்பக்கப் பதிவெண் வெள்ளை விளக்கொளியில் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். அன்றிரவு எங்கள் சந்தில் இருபது எட்டு வைத்து நடந்து திரும்பிப் பார்த்தேன். 'டிஎன் 39' என்ற எழுத்துகளும் கீழ்வரிசை எண்களும் தெளிவாகத் தெரிந்தன.

சாரி கார்டை நான் தொடவில்லை. அழகுக்காக அதைக் கழற்றுவதை எவர் செய்தாலும் ஏற்கமாட்டேன். சேறுதான் மிச்சமிருந்த கவலை. ஐப்பசியின் முதல் மழையில் பல்லடம் கரிசல் சேறு மனைவியின் சேலை முதுகில் கோடு போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. மறுபடியும் கணபதிக்குப் போய், பிராக்கெட்டின் அடியில் இரண்டு துளைகள் போட்டு, டயரில் படாத அளவுக்கு ரப்பர் ஷீட்டில் ஒரு மடல் வெட்டி மாட்டினோம். தை பிறந்ததும் இரண்டு போல்ட்டைக் கழற்றி அதை எடுத்து வைத்துவிட்டேன்.