முன்னுக்கு எவ்வளவு பிறேக், பின்னுக்கு எவ்வளவு?

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணை, றேஸ் காருக்கு நாலு சில்லுக்கும் ஒரே அளவு பிறேக் குடுத்தால் என்ன?"

குடுத்தால் பின் சில்லு முதலில் இறுகி, கார் சுத்திப்போடும். ஏனென்றால் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும். கணக்கைப் பார்.

600 கிலோ கார், நிற்கும்போது முன்னும் பின்னும் 300 வீதம். சில்லிடைத் தூரம் 2.4 மீற்றர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.4 மீற்றர். அமர்முடுகல் (வேகம் குறைகிற வீதம்) 1 ஜி, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின் அளவு என்றால் 600 × 0.4 ÷ 2.4, அதாவது 100 கிலோ முன்னுக்குச் சாயும். இப்போது முன் 400, பின் 200. பிறேக்கும் அதே 2:1 தான்.

சரி, கால் பக்கம் வருவோம். 300 நியூட்டன் விசையில் மிதி, பெடல் விகிதம் (பெடல் அந்த விசையைக் கூட்டுகிற மடங்கு) 5. மொத்தம் 1500, இரண்டு மாஸ்டர் சிலிண்டருக்கும் (பிறேக் எண்ணெயை அமுக்கிறவை; முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று) 750 வீதம். 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 37 பார் அழுத்தம். அழுத்தம் இரு பக்கமும் ஒன்று என்பதால், முன் கலிப்பரின் (டிஸ்க்கை நெரிக்கிற பிடி) பிஸ்டன் பரப்பையோ, சில்லோடு சுத்துகிற டிஸ்க்கின் ஆரையையோ கூட்டித்தான் வித்தியாசம் எடுக்கவேண்டும்.

எங்கட கிரவல் றோட்டில் கதை வேறு. பிடிமானம் அரை ஜி மட்டும் என்றால் 50 கிலோதான் சாயும்: முன் 350, பின் 250. அங்கே பலன்ஸ் பாரை (மிதி விசையை இரண்டு சிலிண்டருக்கும் பங்கிடுகிற தண்டு) கொஞ்சம் பின்பக்கம் திருப்பலாம். கொஞ்சம்தான், தம்பி!