90-னு ஒரே நம்பர பாத்துட்டு ரிப்போர்ட்ட மூடிடாதீங்க

படிக்கத் திணறுறான்னு டெஸ்ட் பண்ண வச்ச என் பையனோட அசெஸ்மென்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னிக்கு, அடையார்லேர்ந்து வர்ற பஸ்லயே கவர பிரிச்சுட்டேன். வாய்மொழித் திறன் 90, ஆவரேஜ், பர்சன்டைல் 25-னு போட்டிருந்துச்சு. அவங்கப்பா போன்ல "நூத்துக்கு 25 தானா?"ன்னு கேக்கறார், எனக்கும் பதில் தெரியல. மறுநாள் ஸ்கூல்ல காட்டினா "ஆவரேஜ்தானே மேடம், அப்ப சோம்பேறித்தனம்தான்"னுட்டாங்க. அத நம்பி அன்னிக்கு ராத்திரி அவன திட்டித் தீத்துட்டேன், இப்ப நினைச்சாலும் வயித்த பிசையுது.

பர்சன்டைல்ங்கறது மார்க்கே இல்லீங்க. அதே வயசுப் பசங்க 100 பேர வரிசையா நிக்க வச்சா, சுமார் 25 பேர் இவனுக்குப் பின்னாடி நிப்பாங்க, அவ்ளோதான். அந்த 90-ம் மார்க் இல்ல. அதுல நடு 100, மூணுல ரெண்டு பங்கு பசங்க 85-க்கும் 115-க்கும் நடுவுல வந்துடுவாங்க. உள்ள தனித்தனியா இருக்கற குட்டி டெஸ்ட்டுக்கு நடு 10, 7-லேர்ந்து 13 வரைக்கும் ஆவரேஜ்.

இத எனக்கு பொறுமையா சொல்லிக் குடுத்தது ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர்தான். அவங்க முதல் பக்கத்த பாக்கவே இல்ல, நேரா கடைசிப் பக்கத்த எடுத்தாங்க. காதால கேட்டுப் புரிஞ்சுக்கறது 13. வார்த்தை தெரியறது 9. சொன்ன வாக்கியத்த அப்படியே திருப்பிச் சொல்றது 7. சத்தத்த பிரிக்கறது 4. அதாவது 'கப்'ல 'க்'க எடுத்துட்டா என்ன மிச்சம்னு கேப்பாங்க, 'அப்'னு சொல்லணும், அதுல 100 பேர்ல சுமார் 2 பேர்தான் இவனுக்குப் பின்னாடி. எல்லாத்தையும் சேத்து ஒரே நம்பராக்கும்போது அந்த 13 போய் இந்த 4-அ மூடிடுச்சு.

டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கறதுல வர்ற சிரமம், இருக்கற நிறைய பசங்களுக்கு சிக்கல் இந்த சத்தத்த பிரிக்கறதுலதான். பாட்டி சொல்ற மகாபாரதக் கதைய ஒண்ணு விடாம திருப்பிச் சொல்றவன் ரெண்டு வரி படிக்க ஏன் திணறுறான்னு வருஷக்கணக்கா புரியாம இருந்தேன், அந்த ஒரு பக்கத்துல பதில் இருந்துச்சு. சில பசங்களுக்கு கேட்டுப் புரிஞ்சுக்கறதும் சேந்து கம்மியா வரும், அவங்களுக்கு எழுத்து-சத்தம் மட்டும் சொல்லிக் குடுத்தா பத்தாது, கதை, பேச்சு, வார்த்தைனு அதுக்கும் தனியா வேலை பண்ணணும். அதனாலதான் எந்த நம்பர் எங்க இறங்கியிருக்குன்னு பாக்கச் சொல்றேன்.

இன்னொண்ணு, இவனுக்கு வச்ச டெஸ்ட் இங்கிலீஷ்ல, ஒப்பிட்டது அமெரிக்காப் பசங்களோட. வீட்ல முழுக்க தமிழ் பேசற குழந்தைக்கு இங்கிலீஷ் வார்த்தை ஸ்கோர் கம்மியா வந்தா அத குறைன்னு உடனே எடுத்துக்காதீங்க, தமிழ்ல எப்படிப் பேசறான், கதை சொல்றான்னும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. யார்கிட்ட போறதுன்னே தெரியலன்னா தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கு.

ஸ்கூல்கிட்ட இப்ப அந்த 13-அ காட்டித்தான் பேசறேன், கேள்வித்தாள ஒருத்தர் வாசிச்சுக் காட்டினா இவன் பதில் சொல்லுவான்னு. 4-க்கு தினமும் ராத்திரி பத்து நிமிஷம் சத்த விளையாட்டு, பேப்பர் பேனா எதுவும் கிடையாது. 'பால்'ல 'ப்' எடுத்தா 'ஆல்'. போன வாரம் தட்டுல வடைய வச்சதும் அவனே "அம்மா, வடைல 'வ்' எடுத்தா அடை"ன்னான். நான் கேக்கவே இல்ல.