பத்து சென்டாவோ

ஜூன் 3
தூக்கம் வரவில்லை. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஆகிற வெடியுப்பு, அதில் ஒரு குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ வரி. சென்டாவோ என்றால் நம்ம பைசா மாதிரி சில்லறைக் காசு. அங்கே அப்போது குவிண்டால் என்றால் சுமார் 46 கிலோ. 1878 பிப்ரவரி 14-ல் பொலிவியா போட்ட சட்டம். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே பிப்ரவரி 14-ல், பக்கத்து நாடான சிலியின் படை, அன்று பொலிவியாவின் துறைமுகமாக இருந்த அன்டோஃபகாஸ்டாவில் இறங்கியது. அப்புறம் பொலிவியாவுக்குக் கடலே இல்லை.

அந்தப் பத்து சென்டாவோவை விட்டுத் தொலைத்திருந்தால்?

ஜூன் 4
சாம்பிள் போயிருக்கிறது. அஞ்சு நாள் ஆகுமாம்.

ஜூன் 5
ஃபைல் அட்டையின் பின்பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். சிலியோடு போட்ட 1874 ஒப்பந்தப்படி சிலிக்காரர்கள் மேல் 25 வருஷத்துக்கு வரியைக் கூட்டக்கூடாது. அதாவது 1899 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். அதற்குள் மேட்டிலிருந்து கரைக்கு ஒரு ரயில், கரையில் கொஞ்சம் சொந்த ஜனம். 1899-க்குப் பிறகு வேண்டிய வரி போடலாம். அதோடு அன்று பொலிவியாவிடம் இருந்த கலாமா பக்கம் சுக்கிகமாட்டா சுரங்கம். 1915-லிருந்து அங்கே தோண்டிய செம்பெல்லாம் பொலிவியச் செம்பு ஆகியிருக்கும். செம்பும் துறைமுகமும் கையில் இருந்தால் அந்த நாடு இன்று எப்படி இருக்கும்!

"என்னடா கணக்கு?" என்றாள் சித்தி. வரிக்கணக்கு என்றேன். "ஜூலை வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றாள்.

ஜூன் 6
நேற்று எழுதியது உளறல்.

அன்டோஃபகாஸ்டாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிலிக்காரர்கள். வெடியுப்பு எடுத்த கம்பெனி சிலியுடையது, அதில் பிரிட்டிஷ் பணமும் உண்டு. பொலிவியாவுக்கு அங்கே இருந்தது கொடியும் சில அதிகாரிகளும்தான். 1825-ல், நாட்டுக்குப் பேர் கொடுத்த விடுதலைத் தலைவர் பொலிவார், அதே கரையில் கோபிஹாவைத் துறைமுகமாக்கினார். உள்நாட்டு வெள்ளிச் சுரங்க நகரம் பொட்டோசியிலிருந்து அங்கே போக மலையையும் தண்ணீரில்லாப் பாலையையும் கோவேறு கழுதையில் கடக்க வேண்டும். வியாபாரிகள் பெருவின் அரிக்காவுக்கே போனார்கள். போதாததற்கு 1866-ல் பொலிவிய ஜனாதிபதி மெல்காரெஹோ அந்தக் கரையின் வருமானத்தில் சிலிக்குப் பங்கு எழுதிக்கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு பத்து சென்டாவோவா காரணம்?

அப்படியானால் இன்னும் பின்னால் போகணும். 1839, பெருவில் யுங்காய் போர். சிலிப் படையிடம் தோற்ற சாந்தா குருஸ் அங்கே ஜெயித்து, அவர் தலைமையிலான பெரு–பொலிவியக் கூட்டமைப்பு நிலைத்திருந்தால் அரிக்காவே சொந்தத் துறைமுகம். ஆனால் யுங்காய்க்கும் முன்னால் ஏதோ ஒன்று இருக்கும். எங்கேதான் நிற்பது?

ஜூன் 7
பங்குனியிலேயே அந்த ஸ்கேனை எடுத்திருக்கலாம். 2,800 ரூபாய்.

ஜூன் 8
அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாள். சிலிப் படையை எதிர்த்து நின்ற பொலிவியர் அபரோவாவின் கதையைச் சொன்னேன். 1879 மார்ச் 23, கலாமாவில் டோப்பாட்டர் பாலம். சரணடையச் சொன்னதற்கு, "உங்க பாட்டியைப் போய்ச் சரணடையச் சொல்லு" என்றாராம். அங்கேயே செத்தார். இன்றும் அந்தத் தேதியில் பொலிவியாவில் கடல் தினம் கொண்டாடுகிறார்கள், கடல் இல்லாமலே.

"அவன் பாட்டி என்னடா பாவம் பண்ணா?" என்று சிரித்தாள். இருமல் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 9
கடல் இருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்கள்? பெருவுக்குக் கரை இருந்தது, தீவு தீவாகக் குவானோ இருந்தது. அந்தப் பறவை எச்சத்தைக் காட்டி லண்டனில் கடன் வாங்கிக் குவித்து, 1876-ல் கை விரித்தது. சிலி வெடியுப்பில் கொழித்தது, ஜெர்மானியர்கள் 1913-ல் காற்றிலிருந்தே உரம் செய்ய ஆரம்பிக்கும் வரை. பொட்டோசியின் வெள்ளிமலை பொலிவியாவுக்கு உள்ளேதானே இருக்கிறது! அதை வைத்து யார் பணக்காரர் ஆனார்கள்?

யாரும் போன் செய்யாதீர்கள். ரிசல்ட் வந்தால் நானே சொல்கிறேன்.

ஜூன் 10
இன்றைக்கு வரவில்லை. நாளைக்காம்.

ஒன்று விட்டுப்போச்சு. 1879 பிப்ரவரி 14 வெறும் தேதி இல்லை. வரி கட்டாத கம்பெனியின் சொத்தை ஏலம் போடக் குறித்திருந்த நாள். பொலிவிய ஜனாதிபதி தாசா அந்த ஏலத்தை ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால்?

தள்ளிப்போட்டிருந்தால். நான்தான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 11
டோக்கன் 41. இப்போது 38 ஓடுகிறது.

1904-ல் கடல் போனது போனதுதான் என்று கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்கு அரிக்காவிலிருந்து லா பாஸுக்கு ரயில், 1913-ல் முடிந்தது. ஜெயித்தவன் தோற்றவனுக்குப் போட்டுக்கொடுத்த தண்டவாளம். 2018-ல் ஹேக் நீதிமன்றத்திலும் 12-க்கு 3, சிலி பேச்சுவார்த்தைக்குக்கூட வரவேண்டிய கட்டாயமில்லை என்று.

சித்தி இன்னும் வரவில்லை.

39.