மதாம் பக்கம் சாய்ந்த கதை

1998இல் பாரிசுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போஞ்சூரும் மெர்சியும்தான். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவல், வாரத்தில் இரண்டு மாலை இலவச மொழி வகுப்பு. அல்ஜீரியா, மாலி, போர்த்துக்கல் ஆட்களோடு நானும் ஒரு ஆளாகப் பின்வாங்கில் இருப்பேன்.

லண்டனில் இருந்த மச்சான் ஒருநாள் தொலைபேசியில், தன் முதலாளிக்குப் பழைய கார்களில் ஒரு 'பென்ச்சன்ட்' என்றான். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். "பெரிய விருப்பம். அது உங்கட பிரெஞ்சுச் சொல்லுத்தானே, உனக்குத் தெரியாதோ?" வெட்கமாகப் போய்விட்டது. அகராதியைப் புரட்டினால் உண்மைதான், இருந்தது. 'பான்ஷான்' என்று சொல்ல வேண்டும், கடைசியில் எழுதும் 'ட்' வாயில் வராது.

சொல் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வகுப்பில் எங்களுக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை, ஆளாளுக்குக் கால்பந்து, கூஸ்கூஸ் என்று சொல்லிக்கொண்டு வர, என் முறை வந்ததும் மரியாதை செய்வதாக நினைத்து எழும்பி நின்று, "மதாம்மீது எனக்கு ஒரு பான்ஷான்" என்று பிரெஞ்சில் வடிவாகச் சொல்லிவிட்டேன். போர்த்துக்கல்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைக் காருக்கும் கழுத்துப்பட்டிக்கும் பயமில்லாமல் போடலாம். பிரெஞ்சில் ஒரு ஆள்மீது பான்ஷான் என்றால் காதல் வாடை அடிக்கும். போத்தல்மீது என்றால், ஆள் குடிகாரன் என்பதை நாசூக்காகச் சொல்கிறார்கள்.

ஆசிரியை கோபிக்கவில்லை. ஒரு கதிரையைப் பின்னங்கால் இரண்டிலும் சரித்துப் பிடித்துக்கொண்டு, "பான்ஷே" என்றார். சாய்வது. பீசா நகரத்துக் கோபுரம் அவர்களுக்கு 'தூர் பான்ஷே', சாய்ந்த கோபுரம். பான்ஷான் என்பது மனசின் சாய்வு, அவ்வளவுதான். இந்த வினைச்சொல்லை நான் அதற்கு முன்பே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பழைய ரயில் பெட்டிகளின் யன்னலடியில் தகட்டில் எழுதியிருக்கும், வெளியே சாயாதீர்கள் என்று. தலையை நீட்டினால் தண்டம் கட்டவேண்டிவரும் என்று நினைத்து ஒடுங்கி இருந்தேனே தவிர, வாசிக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'தொங்குவது' என்ற வேர். மணிக்கூட்டுப் பெண்டுலம் அந்த வேரில் வந்ததுதான். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் நகைக்கடைக்குப் போய் நம்மவர்கள் சங்கிலியில் தொங்கவிடப் பென்டன் கேட்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பான்ஷானை எடுத்துக்கொண்டு போனார்கள். அது சாய்வு என்பது அங்கே எத்தனை பேருக்கு ஞாபகமோ, மச்சானுக்குச் சத்தியமாகத் தெரியாது.

எனக்கு அது மறக்காததற்குக் காரணம் அம்மா. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து இந்தக் கதையைச் சொல்ல, அவ சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் மனம் சாஞ்சிட்டுதோ மோனே?" என்றா, கவலையாக. பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாத மனுசி, அகராதி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டா. இல்லையம்மா, அது மொழிப்பிழை என்று விளங்கப்படுத்த அட்டையில் இருந்த காசு முழுக்கக் கரைந்தது.

இப்போது மகளுக்குப் பதினாறு வயது. அவள் வாயில் பான்ஷான் வந்து நான் கேட்டதில்லை. எதுவென்றாலும் 'ஜ கிஃப்', எனக்குப் பிடிச்சிருக்கு. அரபியில் இருந்து வட ஆபிரிக்கர்களோடு வந்த சொல், கிஃப் என்றால் இன்பம், கஞ்சாவுக்கும் அதே பெயர். போன கிழமை அவளுக்கு என் பழைய வகுப்புக் கதையைச் சொன்னேன்.

"அப்பா, மதாமை நீங்க கிஃப் பண்ணினீங்களா?" என்று கேட்கிறாள், தாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு.