முடிவை யார் எடுப்பது? ஒரு சேலம் பள்ளி ஆசிரியையின் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று தாளாளர் சிஸ்டர் கூப்பிட்டு, ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் தந்தார். "அடுத்த தலைமையாசிரியர் நம்ம ஸ்டாஃப் ரூமிலிருந்தே வரணும் டீச்சர். அதுக்கு இப்பவே ஆட்களைத் தயார் பண்ணணும்" என்றார். அவருடைய கவலை நியாயமானது. இந்தப் பள்ளியை நடத்தும் கத்தோலிக்கக் கன்னியர் சபையில் சேர வரும் பெண்கள் முன்போல் அதிகம் இல்லை. நிர்வாகத்தில் சிஸ்டர்கள் செய்துவந்த வேலையை இனி துறவறம் ஏற்காத நம்மைப் போன்ற பொதுநிலையினர்தான் செய்தாக வேண்டும்.

எங்கள் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். முஸ்லிம் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஆகையால் ஜெபக்கூட்டம் நடத்தி இதை முடித்துவிட முடியாது. நற்பண்பு என்பது எல்லோருக்கும் பொதுவான நிலம். அங்கிருந்து தொடங்கலாம் என்று சொன்னேன். சரி என்றார்.

ஜூன் 14, சனி

நற்பண்பு பற்றிய பயிற்சிக்காக ஆசிரியர்கள் எல்லோரும் பஸ்ஸில் ஏற்காடு போய்வந்தோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து மேலே ஏறியபோது நல்ல மூடுபனி. இந்த மலைக்கும் கத்தோலிக்கக் கல்விக்கும் பழைய உறவு. குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகளின் திரு இருதயப் பள்ளி 1894இல் தொடங்கியது. புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் வந்தது. சேலம் மறைமாவட்டமே 1930இல்தான் உருவானது. அதற்கு முன்பே இங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

உரையாற்றிய ஃபாதர் நான்கு தலையாய நற்பண்புகளை எடுத்துக்கொண்டார்: விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். நான்கும் ஒரே வசனத்தில், விவிலியத்தின் சாலமோனின் ஞானம் நூல் 8:7இல் வருகின்றன. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கர்கள் இவற்றைப் பேசிவிட்டார்கள் என்பதையும் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் கேள்வி நேரத்தில் எங்கள் பி.டி. சார் எழுந்தார்.

"ஃபாதர், விவேகமா முடிவெடுங்கன்னு சொல்றீங்க. ஸ்கூல்ல நான் எடுக்க என்ன முடிவு இருக்கு? ஒரு வாலிபால் வாங்கணும்னாலும் மேலே கையெழுத்துக்குப் போகணும். பதினஞ்சு நாள் ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. ஃபாதர் நேர்மையானவர். "இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, உங்க நிர்வாகம்தான் சொல்லணும்" என்றார். முன் வரிசையில் இருந்த தாளாளர் சிஸ்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு அன்றைய நாளின் மிக முக்கியமான பேச்சு பி.டி. சாருடையதுதான்.

ஜூன் 21, சனி

வாரம் முழுக்க அந்தக் கேள்வியே மனதில் ஓடியது. நற்பண்பு ஒரு பழக்கம், அதற்குரிய செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அது ஊன்றுகிறது என்கிறார் இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்வினாஸ். அரிஸ்டாட்டிலும் அதையே சொன்னார். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிக்க முடியாது அல்லவா? விவேகத்துக்கு மூன்று படிகள் உண்டு என்றும் அக்வினாஸ் பிரித்துக் காட்டுகிறார்: நன்றாக ஆலோசிப்பது, சரியாகத் தீர்ப்பிடுவது, தீர்ப்பிட்டதைச் செய்யும்படி ஆணையிடுவது. மூன்றில் முதன்மையானது கடைசிப் படி. நம் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதல் படியைத் தருகிறோம். ஸ்டாஃப் மீட்டிங்கில் கருத்துக் கேட்கிறோம். இரண்டாவதை எப்போதாவது தருகிறோம். மூன்றாவதை எப்போதும் அலுவலக அறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். இருபது ஆண்டுகள் இப்படி இருந்த ஒருவரை ஒருநாள் தலைமை நாற்காலியில் உட்காரவைத்து "விவேகமாக நடந்துகொள்ளுங்கள்" என்றால் எப்படி?

எச்.எம். சிஸ்டருடன் ஒரு மணி நேரம் பேசினேன். எந்தெந்த முடிவுகள் அவர் மேசைக்கு வருகின்றன என்று எழுதிப் பார்த்தோம். சாக்பீஸ், ஆண்டு விழா நடனத்தின் பாட்டு, யாருக்கு எந்தத் தேர்வறை, தாமதமாக வந்த பையனை உள்ளே விடலாமா... பக்கம் நிறைந்துவிட்டது. அவரே கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்றை வட்டமிட்டார்: மாற்று வகுப்பு (விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்கு வேறொருவரை அனுப்புவது) ஒதுக்குவது, விளையாட்டு மற்றும் ஆய்வகத்துக்கான சிறு கொள்முதல், மாணவர் ஒழுங்குப் பிரச்சினைகளின் முதல் விசாரணை. இந்த மூன்றிலும் ஆசிரியர்கள் எடுப்பதே முடிவு, கணக்கும் காரணமும் மட்டும் மாதக் கடைசியில் வந்தால் போதும் என்று சர்க்குலர் போட ஒப்புக்கொண்டார்.

அவருக்கு இது எளிதாக இருந்திருக்காது. எதைக் கைவிடுகிறோம் என்று தெரிந்தே கைவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மாற்று வகுப்பு ஒதுக்கும் வேலை வேதியியல் டீச்சருக்குப் போயிற்று. வயது முப்பதுக்குள். சுயநிதிப் பிரிவில் இருப்பவர். எங்களுடையது போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒரே ஸ்டாஃப் ரூமுக்குள் இரண்டு வகை ஆசிரியர்கள் இருப்பது தெரிந்ததுதான். அரசு ஊதியம் வாங்குகிறவர்கள் ஒரு வகை, நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் தருகிறவர்கள் இன்னொரு வகை. பாடம் ஒன்று, பிள்ளைகள் ஒன்று. மதிப்பு மட்டும் இரண்டு. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்ததைச் சிலர் விரும்பவில்லை.

பொறுப்பேற்றதும் அவர் போன ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மாற்று வகுப்புகளுக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தார். ஓய்வுப் பாடவேளையை அதிகம் இழந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள், மறுத்துப் பேசத் தயங்குகிறவர்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. "நீ போம்மா" என்று சொல்வது எளிது, அவ்வளவுதான். இவர் ஒரு அட்டவணை தயாரித்து ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிவிட்டார். யார் எத்தனை முறை போயிருக்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். குறைவாகப் போனவருக்கே அடுத்த முறை.

ஒரு மூத்த ஆசிரியர் கோபப்பட்டார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். என்னை எட்டாம் கிளாஸுக்கு அனுப்பறியா?" அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "சார், உங்க பேருக்கு நேரா ரெண்டுதான் இருக்கு. எல்லாருக்கும் அஞ்சு ஆயிடுச்சு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க." அவர் சுவரைப் பார்த்தார். போனார்.

சண்டையில் எதிர்த்துத் தாக்குவதைவிட, நின்று தாங்குவதே துணிவின் முதன்மையான செயல் என்று அக்வினாஸ் சொல்வதை நான் பல முறை படித்திருக்கிறேன். இன்று நேரில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் சேலத்தில் பாதி ஊர் கூழ், பொங்கல், உருளுதண்டம் என்று அங்கேதான் இருக்கும். உள்ளூர் விடுமுறை ஒரு நாள் கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் விடுப்புக் கேட்பவர்கள் அதிகம். எல்லா ஆண்டும் இந்த வாரத்தில் முணுமுணுப்பு உண்டு. "அவங்க லீவு போறாங்க, நாம வகுப்பு வகுப்பா ஓடறோம்."

வேதியியல் டீச்சரும் அட்டவணைக் குழுவும் ஒரு வாரம் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது கிறிஸ்தவ ஆசிரியர்கள் கூடுதலாக எடுக்கும் வகுப்புகளைத் தனியாகக் குறித்துவைத்து, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களிலும் மற்றவர்கள் ஈடுசெய்வதாக அவர்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். ரம்ஜானுக்கும் அப்படியே. நிர்வாகம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் வரவில்லை. மதநல்லிணக்கம் பற்றி வருடாவருடம் அசெம்பிளியில் பேசுகிறோம். எனக்கு அந்தப் பேச்சையெல்லாம்விட இந்தக் கணக்கு நோட்டின் மேல் மதிப்பு அதிகம்.

ஆகஸ்ட் 23, சனி

இந்த வாரம் கடினமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து தாமதமாக வருகிறான், வகுப்பில் தூங்குகிறான், கேட்ட ஆசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டான். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சிலர். "ரெண்டு போட்டாத்தான் சரிவருவான்" என்று இன்னும் சிலர். அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கை பரபரக்கிறது. தன்னடக்கம் என்றால் சாப்பாட்டு விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வகுப்பறையில் அது முதலில் கைக்கும் நாக்குக்கும் வேண்டும். பகுத்தறிவு, சமயம், கனிவு இந்த மூன்றின் மேலும் தன் கல்வி முறையைக் கட்டினார் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த புனிதர் தொன் போஸ்கோ. பிள்ளை தவறிய பின் தண்டிப்பதைவிட, தவறாமல் கூடவே இருப்பது ஆசிரியரின் வேலை என்பது அவர் வழி.

வகுப்பாசிரியர் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனார். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர், உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார். பையன் இரவு பதினொன்று வரை பட்டறையில் பற்றவைக்கிறான்.

வெள்ளிக்கிழமை கூட்டம். எச்.எம். சிஸ்டரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொண்டேன்: கடைசியாகப் பேசுங்கள், இளையவர் முதலில் பேசட்டும். இது என் யோசனை இல்லை. புனித பெனடிக்ட் தன் மடத்து ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் என்றால் எல்லோரையும் கூட்டுங்கள், பல சமயம் ஆண்டவர் இளையவருக்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று எழுதிவைத்தார். நல்லாசிரியருக்குரிய பன்னிரண்டு நற்பண்புகளைப் பட்டியலிட்ட புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், அதில் மௌனத்தையும் சேர்த்தார். 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் அவர். ஆசிரியருக்கே மௌனம் வேண்டும் என்றால் தலைமையாசிரியருக்கு எவ்வளவு வேண்டும்!

வந்து மூன்று மாதமே ஆன கணினி டீச்சர் முதலில் பேசினார். தாளாளர் சிஸ்டர் டி.சி. பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும். "சிஸ்டர், அவனை அனுப்பினா நாளையிலிருந்து பகல்லயும் பட்டறைக்குத்தான் போவான். பதினாலு வயசு." அறை அமைதியாயிற்று. தாளாளர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். அவர் அந்தப் பெண்ணை வெட்டிப் பேசவில்லை. "மேலே சொல்லும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை ஸ்டாஃப் ரூமுக்கு எத்தனை கருத்தரங்குக்குச் சமம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் பகைவன் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கண்டது. அதை மாணவருக்கு நடத்துகிறோம்.

முடிவு: பையன் இருக்கிறான். வகுப்பாசிரியரும் பங்குத்தந்தையும் பட்டறை முதலாளியிடம் பேசுவார்கள், வீட்டுக்கு மாத உதவிக்கு வின்சென்ட் தே பவுல் சபையினரைக் கேட்பது, எதிர்த்துப் பேசியதற்கு அவன் அந்த ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்பது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். இன்று மீலாது நபி விடுமுறை என்பதால் பிள்ளைகள் நேற்றே ரோஜா தந்தார்கள். பையன் பட்டறைக்குப் போவதில்லை, ஆனால் கணக்கில் இன்னும் பின்தங்கியே இருக்கிறான்.

அக்டோபர் 11, சனி

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் மாதாந்திரக் கூட்டத்தில், நான் எதிர்பார்த்திருந்த கேள்வி வந்தது. கேட்டவர் வேதியியல் டீச்சர். "பொறுப்பு தந்தீங்க, சந்தோஷம். நீதியைப் பத்தியும் பேசறோம். எங்க சம்பளம் பத்தி எப்ப பேசுவோம்?"

இதைத் தவிர்த்துவிட்டு நற்பண்பு பேசினால் நாங்கள் சொல்வது எதுவும் நிற்காது என்று நான் நம்புகிறேன். சொல்லவும் செய்தேன். திருச்சபைச் சட்டத்தின் 803ஆம் விதி கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்கள் வாழ்வின் நேர்மையில் சிறந்திருக்க வேண்டும் என்கிறது. இதை எல்லாப் பயிற்சியிலும் எடுத்துச் சொல்கிறோம். அதே சட்டத் தொகுப்பின் 1286ஆம் விதி, திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் வேலையாட்களுக்கு நியாயமான, அவர்களும் குடும்பமும் கௌரவமாக வாழப் போதுமான ஊதியம் தர வேண்டும் என்கிறது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முதலாவது ஆசிரியரைப் பார்த்துச் சொன்னது, இரண்டாவது நிர்வாகத்தைப் பார்த்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நியாயமான கூலி பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே உலகுக்கு எழுதிவிட்டார்.

தாளாளர் சிஸ்டர் வருமானக் கணக்கை வெளிப்படையாக வைத்தார். கட்டணத்தை ஏற்றினால் தறிக்காரர், கொலுசுத் தொழிலாளர் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள். அது பொய்யில்லை. அதற்காக ஆசிரியர் வீட்டு அடுப்பை வைத்து ஏழைக்குக் கல்வி தருவதும் சரியில்லை. புதிய கட்டடத்தின் இரண்டாம் தளத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். சபையின் ஆலோசனைக் குழுவிடம் கொண்டுபோவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். கணக்கைப் பார்க்க இரண்டு ஆசிரியர்களையும் கூடவே அழைத்துப் போகிறார்.

அக்டோபர் 28, செவ்வாய்

கிறிஸ்தவக் கல்வி பற்றி, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த அறிக்கை 1965இல் இதே நாளில் வெளியானது. இன்றோடு 60 ஆண்டுகள். அதன் 8ஆம் பத்தியை ஸ்டாஃப் ரூமில் வாசித்தோம். கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கங்களை அடைவது ஏறக்குறைய முழுவதும் ஆசிரியர்களையே சார்ந்திருக்கிறது என்பது அதன் கருத்து. பி.டி. சார் அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அவர் கொள்முதல் கணக்கு மாதாமாதம் பைசா பிசகாமல் வருகிறது. போன மாதம் வாலிபாலைத் தள்ளிவைத்து, பெண்கள் அணிக்கு ஷூ வாங்கியது அவர் முடிவு.

சம்பளம் பற்றி இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

வேதியியல் டீச்சர் இன்று வந்து, மாற்று வகுப்புப் பொறுப்பை ஜனவரியில் வேறொருவருக்குத் தர வேண்டும் என்றார். களைப்பா என்று கேட்டேன். "இல்ல மிஸ், நான் மட்டுமே கத்துக்கிட்டா போதுமா?" என்றார். யாரை நினைத்திருக்கிறார் என்று கேட்டால், ஜூலையில் கோபப்பட்ட அந்த மூத்த ஆசிரியரின் பெயரைச் சொன்னார். அவரிடம் பேசியும் விட்டாராம். நவம்பர் முழுக்க இருவரும் சேர்ந்து அட்டவணை போடுகிறார்கள்.