படகு ட்ரெய்லர் பேரிங்: முன்பக்கக் கிரீஸை நம்பி நான்கு வருடம்

மெல்பர்னில் நவம்பர் முதல் செவ்வாய் குதிரைப் பந்தய விடுமுறை. மீன்பிடிக்கிறவர்களுக்கு அது ஸ்னாப்பர் என்ற கடல்மீனுக்கான விடுமுறை. டாண்டினாங்கிலிருந்து ஹேஸ்டிங்ஸ் படகுத்துறைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். போன வருடம் அந்தச் சாலையோரத்தில் ஒரு ட்ரெய்லர், வலது சக்கரம் இல்லாமல், படகோடு சாய்ந்து கிடந்தது. வண்டியை நிறுத்திப் போய்ப் பார்த்தேன். பேரிங் நொறுங்கி, ஆக்சில் முனை நீலம் பாரித்துத் தேய்ந்திருந்தது. கழன்ற சக்கரம் எதிரே வந்த வண்டி எதிலும் மோதாமல் புல்லில் உருண்டு நின்றிருக்கிறது. அந்தக் காட்சி மனதிலேயே தங்கிவிட்டதால், இந்த முறை செப்டம்பரிலேயே என் ட்ரெய்லரைப் பிரித்தேன்.

என்னுடையது 4.2 மீட்டர் அலுமினியப் படகு. ட்ரெய்லருக்கு ஒரே ஆக்சில். மொத்த எடை 750 கிலோவுக்குள் இருப்பதால் ஆஸ்திரேலிய விதிப்படி பிரேக் தேவையில்லை. பிரேக் இல்லாத ஹப்பை, அதாவது பேரிங்குகள் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடத்தைக் கழற்றுவது வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

முதல் சனிக்கிழமை பார்க்க மட்டும்தான் பார்த்தேன். ட்ரெய்லரைக் காரோடு பூட்டி, தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டும் கொடுத்தாயிற்று. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடதில் ஒன்றும் இல்லை. வலதில் மெல்லிய ஒரு ‘டக்’. அப்புறம் ஒரு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் உள்ளங்கையில் மணல் அரைபடுவது போல ஓர் அதிர்வு. காதைவிடக் கையை நம்பலாம்.

என் ஹப்புகளில் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி இருக்கிறது. நடுவில் உள்ள நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே லேசான அழுத்தம் நின்று தண்ணீரைத் தடுக்கும். நான்கு வருடமாக ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, மூடிக்குள் சுத்தமான கிரீஸைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் வலது ஹப்பைப் பிரித்தேன். மூடி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின், நட்டு, வாஷர், வெளி பேரிங் என்று ஒவ்வொன்றாக வந்தது. வெளி பேரிங் பளபளவென்று இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே ஹப்பைத் திருப்பி, தண்ணீர் புகாமல் தடுக்கும் பின்பக்க ரப்பர் வளையமான ஆயில் சீலை நெம்பி எடுத்தேன். உள்ளே தண்ணீர் கலந்த கிரீஸ், பால் ஊற்றிய காபி போன்ற குழம்பாக. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் உள் பேரிங்கின் கோனில், அதாவது உருளைகளோடு கூடிய உள்வளையத்தில், உருளைகள் மேல் கருப்புப் புள்ளிகள். ஹப்புக்குள் இறுகி நிற்கும் வெளிவளையமான கப்பின் உட்பரப்பில் உருளைகள் நின்ற இடைவெளிக்கு ஏற்ப வரிசையாகத் துருக்கோடுகள். படகு மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்றதற்கு அதுவே சாட்சி.

தண்ணீர் புகுந்த விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு நாள் யோசிக்க வேண்டியிருந்தது. 40 கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடு. நேராகச் சரிவில் இறக்கிக் குளிர்ந்த கடல் நீரில் முக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்குகிறது. அப்போது ஹப், பழைய சீலின் உதட்டு வழியாக உப்பு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நான் முன்னால் அழுத்திய கிரீஸ் நடுவில் இருந்த காற்றறையைத் தாண்டிப் பின்பக்கம் போகவே இல்லை.

அப்பா திருநெல்வேலியில் லாரிப் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். வீடியோவில் காட்டினேன்.

“கோனை மட்டும் மாத்திட்டு கப்பை விட்டுடாதடா. ரெண்டும் சேர்ந்து தேஞ்சது, சேர்ந்துதான் மாறணும்.”

“சரிப்பா. வெளி பேரிங் நல்லாத்தானே இருக்கு?”

“கைல ஹப்பு இருக்கும்போது மாத்து. ரோட்டுல நின்னு மாத்துவியா?”

இரண்டு சக்கரத்துக்கும் முழு செட் வாங்க முடிவு செய்தேன். கடையில் முதல் கேள்வி: “ஹோல்டனா, ஃபோர்டா?” ஹோல்டன் இங்கே கார் தயாரிப்பதை 2017-இல் நிறுத்திவிட்டது, ட்ரெய்லர் ஹப்பில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோல்டன் வகையில் உள் பேரிங் எல்எம் 67048, துளை 31.75 மில்லிமீட்டர். வெளி பேரிங் எல்எம் 11949, துளை 19.05. ஃபோர்டு வகையில் இரண்டின் துளையும் சுமார் மூன்று மில்லிமீட்டர் பெரியது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோனின் முகத்தில் எண் பொறித்திருக்கும், அழிந்திருந்தால் காலிப்பரால் ஆக்சிலை அளந்துகொண்டு போங்கள். என்னுடையது ஹோல்டன். சீல் மட்டும் சாதாரணம் வேண்டாம் என்று மூன்று உதடு உள்ள படகு வகையைக் கேட்டு வாங்கினேன்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றித் தட்டினால் வந்துவிடுகிறது. புதியதை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்திருந்தேன், கொஞ்சம் சுருங்கட்டும் என்று. பழைய கப்பையே மேலே வைத்துச் சுத்தியலால் தட்டினேன். முதல் கப் கோணலாக இறங்கியது. அப்படியே அடித்து நேராக்கப் பார்க்காமல், வெளியே தட்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். கப் முழுதாக அமர்ந்ததும் தட்டும் ஓசை மாறிவிடும். அதுவரை கணகணவென்று ஒலித்தது, திடீரென்று பாறையில் அடித்த மாதிரி கெட்டியாகக் கேட்கும்.

பழைய கிரீஸை ஒட்டு மொத்தமாகக் கழுவிவிட வேண்டும். அடிப்படை வேறான கிரீஸ்கள் கலந்தால் சில சமயம் இளகி வடிந்துவிடும். புது மரைன் கிரீஸை உள்ளங்கையில் ஒரு குவியல் எடுத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தேன். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே புழு போல எட்டிப் பார்க்கும் வரை விடக்கூடாது. ஒரு பேரிங்குக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. இந்த முறை ஹப்பின் நடு அறையையும் நிரப்பினேன். ஆக்சிலில் சீல் உரசும் இடத்தில் துரு இருந்தது, நைஸ் எமரித்தாளில் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். இதை வலது பக்கம் பொறுமையாகச் செய்தேன், இடது பக்கம் இருட்டிவிட்டதால் அவசரமாக.

நட்டு விஷயத்தில்தான் தவறினேன். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே ஸ்பேனரால் இறுக்கி, பேரிங் அமர்ந்ததும் முழுதாகத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் திருகி, காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இறுக்கும் பக்கம் போகாமல் தளர்த்தும் பக்கம் போக வேண்டும். வலதில் நான் இறுக்கும் பக்கம் போய்விட்டேன். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டினால் இடது ஹப் 31 டிகிரி, வலது 49. அப்பாவிடம் சொன்னதும், “சாய்வு உருளைக்கு மூச்சு விட இடம் வேணும்டா, சூடானா அது விரியும்ல?” என்றார். ஒரு காடி தளர்த்தி மறுபடி ஓட்டினேன். 30, 32.

பந்தய விடுமுறைக்குள் மூன்று தடவை கடலுக்குப் போய் வந்தோம். சரிவுக்குப் போனதும் படகை இறக்காமல் இருபது நிமிடம் காத்திருக்கிறேன். கயிறு, வடிகால் அடைப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அந்த நேரத்தில் தயாராகிவிடுகின்றன. கையை வைத்தால் ஹப் குளிர்ந்திருக்க வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் ஹப்பையும் ஸ்பிரிங்கையும் கழுவுகிறேன்.

நேற்று இரண்டு ஹப்பையும் மறுபடி பிரித்தேன். வலது பக்கம் சீல் வரைக்கும் நீலக் கிரீஸ் நீலமாகவே இருந்தது. இடதில் சீலின் உதட்டோரம் மட்டும் நகக்கண் அளவுக்கு வெளுத்திருக்கிறது. தண்ணீர் பேரிங்கைத் தொடவில்லை, ஆனாலும் அவசரமாகத் தேய்த்த அந்த ஆக்சிலில் விரல் நகம் தட்டுகிற ஒரு பள்ளம் இருக்கிறது. அதன்மேல் ஏற்றுகிற ஸ்டெயின்லெஸ் வளையமும் அதற்கேற்ற சீலும் வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கப் போகிறேன், வெளிச்சம் இருக்கும்போது.